சுவருக்குள் ஒரு தட்டு

கேள்வி: ‘என்கான்டோ’ படத்தைக் குடும்பத்தோடு பார்த்தோம். மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் தலைமுறைகளாக வரும் வலியைப் பற்றிப் படம் முழுக்கப் பேசிவிட்டு, கடைசியில் பாட்டியும் பேத்தியும் கட்டிப்பிடித்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது என்று சில விமர்சகர்கள் குறை சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
— ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2021-ல் வந்த டிஸ்னி அனிமேஷன் படம் இது. மறுவருடம் ஆஸ்கரும் வாங்கியது. கொலம்பியாவில் ஆயுதக் கும்பல் துரத்த, மூன்று கைக்குழந்தைகளோடு ஓடிவரும் அல்மா ஆற்றங்கரையில் கணவனைப் பறிகொடுக்கிறாள். அவள் கையிலிருந்த மெழுகுவர்த்தி அந்த நொடியில் ஓர் அற்புத வீட்டை உண்டாக்குகிறது. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வரம் கிடைக்கிறது, மிராபெல் என்ற பேத்தியைத் தவிர. வீட்டில் விரிசல் விழுவது அவள் கண்ணுக்குத்தான் படுகிறது. பாட்டியோ அப்படி எதுவுமே இல்லை என்கிறாள்.

விமர்சகர்கள் முடிவைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைப் பிடித்து உலுக்கியது நடுவில் வரும் ஒரு காட்சி. வரப்போகும் கெட்டதைச் சொன்னதால் யாரும் பேரெடுக்கக்கூட விரும்பாத மாமா புரூனோ, ஊரைவிட்டே போகவில்லை. பத்து வருடமாக அதே வீட்டின் சுவருக்குள்தான் இருக்கிறார். சாப்பாட்டு அறைச் சுவரின் மறுபக்கம் அவருக்கென்று ஒரு சின்ன மேஜை. அதில் தன் பேரோடு ஒரு தட்டை வரைந்து வைத்து, ஓட்டை வழியாகக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். பேசக்கூடாது என்று முடிவு செய்த விஷயம் வீட்டைவிட்டுப் போவதில்லை, நம்மோடுதான் தினமும் சாப்பிட உட்காருகிறது. இதைவிடத் தெளிவாக இதை நான் சினிமாவில் பார்த்ததில்லை.

1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. எனக்கு எட்டு வயது. ஸ்ரீராமபுரத்தில் வாடகை வீடு. பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜி எங்களைத் தன் வீட்டு உள்ளறையில் இரண்டு ராத்திரி வைத்துக் காப்பாற்றினார். அங்கே போவதற்கு முன் அம்மா ஒரே ஒரு காரியம் செய்தார். கூடத்தில் தொங்கிய தமிழ்த் தினசரிக் காலண்டரைக் கழற்றி அரிசி டின்னுக்குள் அமுக்கினார். ஆணி மட்டும் சுவரில் நின்றது. அடுத்த வருடத்திலிருந்து காலண்டர் சமையலறைக் கதவின் உள்பக்கத்துக்குப் போய்விட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

இப்போது நாங்கள் இருப்பது ஒயிட்ஃபீல்டில், பத்தாவது மாடியில். புது வருடத்துக்கு ஊரிலிருந்து வந்த காலண்டரை நான் மாட்டிய இடமும் சமையலறைக் கதவின் உள்பக்கம்தான். என் மகள் கேட்டாள்: “தேதி பார்க்கணும்னா எதுக்கும்மா கதவைச் சாத்தணும்?” எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் வாயே திறக்காத விஷயம், சொல்லி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அதனால் படத்தின் கடைசியில், அதே ஆற்றங்கரையில் பாட்டி பேத்தியிடம் சட்டென்று மனம் திறப்பதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் ஓரிடத்தில் விமர்சகர்கள் பக்கம்தான் நானும் நிற்கிறேன். வீடு இடிந்து விழுந்த பிறகு, வரம் எதுவும் இல்லாமலே ஊர் கூடி அதைக் கட்டுகிறது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மிராபெல் கதவில் குமிழைப் பொருத்தியதும் எல்லோருடைய வரமும் திரும்பிவிடுகிறது. பாரம் தாங்க முடியவில்லை என்று பாடி அழுத, பலத்தையே வரமாகப் பெற்ற அக்கா லூயிசாவுக்குப் பழைய பலம் மறுபடியும் எதற்கு? பாவம், அந்தப் பெண்ணைக் கொஞ்சம் உட்கார விட்டிருக்கலாம்.

இந்த விஷயத்தில், 2022-ல் வந்த ‘டர்னிங் ரெட்’ இன்னும் நேர்மையான படம். அம்மாவும் பாட்டியும், உணர்ச்சி பொங்கினால் தங்களையே உருமாற்றிவிடும் செம்பாண்டாவை நகைக்குள் பூட்டி வைக்கிறார்கள். மெய் என்கிற பதிமூன்று வயதுப் பெண் பூட்ட மாட்டேன் என்கிறாள். தீர்வு என்று எதையும் தராமல், அவள் அதோடு வாழப் பழகுவதைப் படம் காட்டுகிறது. டொரான்டோ சீனக் குடும்பத்தின் கதை என்பதால் இது எல்லோருக்கும் ஒட்டாது என்கிற மாதிரி ஓர் அமெரிக்க விமர்சகர் எழுதினார். கடும் எதிர்ப்பு வந்து அந்த விமர்சனத்தையே எடுத்துவிட்டார்கள். அவர் ஒட்டாது என்று சொன்ன அதே வீட்டை நான் ஒயிட்ஃபீல்டில் உட்கார்ந்து அடையாளம் கண்டுகொண்டேன்.

கேள்வி: இப்போது எதற்கெடுத்தாலும் ‘ட்ராமா’ (trauma, ஆறாத மனக்காயம்) என்கிறார்கள். பாட்டி கண்டிப்பாக இருந்தால் அதுவும் ட்ராமாவா?
— ஒரு வாசகர், ஜெயநகர்

பதில்: இல்லை. வெறும் கண்டிப்புக்கு அந்தப் பெயர் வேண்டாம். நாஜி வதைமுகாம்களில் உயிர் தப்பியவர்களின் பிள்ளைகளைக் கவனித்து, 1966-லேயே விவியன் ராக்கோஃப் என்ற கனடா மனநல மருத்துவர் எழுதியிருக்கிறார். முகாமையே பார்க்காத பிள்ளைகள் அதன் பாரத்தைச் சுமந்தார்கள். தான் படாத ஒன்றுக்குப் பயந்து நடப்பதுதான் இதில் முக்கியம். என் மகள் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே அந்தக் கலவரம் முடிந்துவிட்டது. அவளும் பேருந்தில் தமிழ் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறாள், என்னைப் பார்த்து.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இந்த மாதிரிப் படத்தைக் காட்டி, அவர் பட்டதைப் பேச வைக்கலாமா?
— ஒரு வாசகி, சிவாஜிநகர்

பதில்: படம் காட்டுங்கள், ஆனால் பேச வைக்கவேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன். ஆற்றங்கரைக் காட்சி வந்ததும் அம்மா, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். அடுப்பில் எதுவும் இல்லை. நான் கூப்பிடவில்லை. மறுநாள் காபி குடிக்கும்போது அவரே கேட்டார்: “அந்தப் பாட்டி திரும்ப அந்த ஆத்துக்குப் போனாளா?” போனாள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த அஜ்ஜி வீடு இருக்குமோ என்னமோ” என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் போய், மெஜஸ்டிக்கில் மாறி, ஸ்ரீராமபுரத்தில் இறங்கலாம் என்றிருக்கிறோம். மகளும் வருகிறாள்.