கிருஷ்ணகிரிக் காவலர் தம்பிக்கு: போனில் என்ன பேசுவது

தம்பி, இரவுப் பணியில் ஒரு மா விவசாயி போன் செய்து "இனி வாழ விருப்பமில்லை" என்றார், "பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்" என்றதும் வைத்துவிட்டார், அடுத்தமுறை என்ன பேசுவது, அவர் மீது வழக்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழக்கு பற்றிக் கவலை வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைக் கடமையில் பணியவைக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் மட்டும் அதன் 226-ஆவது பிரிவு வரும்.

பேச்சுதான் முக்கியம். வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்று குமைபவருக்குப் பிள்ளைகளின் பெயர் இன்னொரு குற்றச்சாட்டாகவே கேட்கும். "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். எங்கே இருக்கிறார், பக்கத்தில் யார் என்று விசாரியுங்கள். அவர் மௌனமானால் நீங்களும் பொறுங்கள். இணைப்பை விடாமல், ஏட்டுக்குச் சைகை காட்டி 108-க்கும் ரோந்து வண்டிக்கும் சொல்லச் செய்யுங்கள். சைரன் வேண்டாம், ஊர் கூடினால் மானப் பிரச்சினையாகிவிடும், நம் ஊரைப் பற்றித் தெரியாதா!

போகிறவர்கள், தெளிப்பான் அருகே கிடக்கும் பூச்சிமருந்து டப்பாக்களை உறவினர் வீட்டில் பூட்டிவைக்கச் சொல்லட்டும். அவரைத் தனியே விடக்கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். அந்த அழைப்பு உங்களை உறுத்தினால் நீங்களும் அழையுங்கள்.

பயிற்சிக்கு, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை நிலையத்துக்கு அழைக்க ஆய்வாளர் மூலம் எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுதுங்கள். தீயணைப்பு வீரர்களையும் 108 ஊழியர்களையும் சேர்த்து உட்காரவைத்து, போனில் பேசுவதை நடித்துப் பழகக் கேளுங்கள்.