பழைய ட்ராம் கார்களைப் பேணும் இடத்தில் தொண்டராகச் சேர இயந்திர அறிவு கட்டாயமா?

கட்டாயமில்லை. நீங்கள் கனடாவுக்குப் புதிதாகப் போன பிள்ளை என்றும், வார இறுதியில் அறைக்குள் அடைந்து கிடக்க மனமில்லாமல் இதைக் கேட்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நான் இலங்கையின் வன்னியில் உள்ள மாங்குளத்தவன். ரொறன்ரோவில் இருந்த காலத்தில் மூன்று கோடைகள் ஹால்டன் கவுண்டி ரேடியல் ரயில்வே அருங்காட்சியகத்தில் தொண்டு செய்துவிட்டு, அம்மாவைப் பார்க்கவென்று ஊருக்குத் திரும்பியவன். சாரதியாகவோ மின்பொறியியலாளராகவோ அங்கே எதையும் சாதித்தவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரொறன்ரோவிலிருந்து குவெல்ப் நகருக்கு 1917 முதல் 1931 வரை ஓடிய மின்சார ரயிலின் பாதையில்தான் அந்த இடம் அமைந்திருக்கிறது. தண்டவாளம் கழற்றப்பட்டு வெறும் மண் அணையாகக் கிடந்த அந்தப் பாதையின் ஒரு துண்டை, 1910இல் கட்டப்பட்ட 1326ஆம் இலக்க மர ட்ராம் காரை உடைபடாமல் காப்பாற்றப் புறப்பட்ட சிலர் 1950களில் வாங்கி, தங்கள் கையாலேயே மறுபடி தண்டவாளம் இட்டு, 1972இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

முதல் நாள் என்னை ட்ராம் காருக்குக் கிட்டவே விடவில்லை. தண்டவாளத்தைத் தாங்கிக் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைகளில் உக்கியவற்றை மாற்றும் குழுவில் சேர்த்தார்கள். புதுக் கட்டை ஒன்றை இருவராக இடுக்கியால் பிடித்து இழுத்தபோது, மரம் உக்காமல் இருக்க ஊட்டும் கிரியோசோட் எண்ணெய் வெயிலில் அதிலிருந்து கசிந்த நெடி மூக்கில் ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன். அது எங்கள் பங்கரின் வாசம். 1990இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடிய யாழ் தேவி ரயில் வவுனியாவோடு நின்ற பிறகு, தண்டவாளமும் சிலிப்பரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிப் போனதை வன்னியில் அறியாதவர் இல்லை. எங்கள் வளவுப் பங்கரின் மேலும் ஆறு கட்டைகள் குறுக்கே கிடந்தன. உள்ளே குந்தியிருக்கும்போது அந்தக் கறுத்த எண்ணெய் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் ஒட்டிவிடும், ஷெல் சத்தம் ஓய்ந்த கையோடு அம்மா சட்டைக்காக என்னை ஏசுவார். என்னோடு கட்டை இழுத்த முதியவர், களைப்பென்று நினைத்துத் தண்ணீர் தந்தார். நான் எதையும் விளக்கவில்லை.

அன்றே ஒரு பிழையும் விட்டேன். ரொறன்ரோ ட்ராம் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம் 1495 மில்லிமீற்றர், அருங்காட்சியகத்திலும் அதே அளவுதான். பல நாடுகளில் வழங்கும் 1435ஐவிட 60 மில்லிமீற்றர் கூட, நம் நாட்டின் 1676ஐவிடக் குறைவு. சாதாரணக் குதிரை வண்டிகளும் அதே தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்ற 1861ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலிருந்து பிறந்த அளவு அது. அளவுகோலை வைக்காமலே நான் நான்கு ஆணிகளை அறைந்துவிட்டேன். கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. அளவுகோலை இறக்கினால் ஒரு பக்கம் உட்காரவில்லை. முதியவர் ஒன்றும் சொல்லவில்லை, அலவாங்கை என் கையில் தந்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஆணியைப் பிடுங்கி, பழைய துளைகளில் மரமுளை இறுக்கி, மறுபடி அறைந்து முடிக்க மத்தியானம் திரும்பிவிட்டது.

சன்னல் சட்டம் தேய்ப்பது, பித்தளை துலக்குவது, கூரைக் கோல் மேற்கம்பியைவிட்டு நழுவினால் கயிற்றைப் பிடித்து அதைத் திரும்பக் கம்பியில் இருத்துவது எல்லாம் பின்னர் பழகியவை. கற்றுத்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

சம்பளமில்லாத வேலைக்குப் பெற்றோல் எரித்துப் போகிறான் என்று ஸ்காபரோவில் உறவினர் சிரித்தார்கள், போகட்டும். என்னை உறுத்துவது வேறு. 1960இல் ஓட்டம் நின்ற கொழும்பு ட்ராம் கார்களை என் தலைமுறை படத்தில்தான் பார்த்தது. 2013 செப்டெம்பரில் புகையிரதம் மாங்குளத்தைக் கடந்து கிளிநொச்சிக்கு மீண்டதைக் காணொளியில் பார்த்து நானும் கண் கலங்கினேன், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பழைய தண்டவாளத்தில் ஒரு துண்டையும் நாலு சிலிப்பரையும் நிலைய முன்றிலில் வைக்கலாமே என்று உரிய இடத்துக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை. வீடில்லாதவர்கள் இருக்கும் ஊரில் இரும்புக்கும் கட்டைக்கும் அழுகிறாயா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கட்டைக்குக் கீழே இருந்து உயிர் தப்பியவன்தான் கேட்கிறேன்.

நீங்கள் தயங்காமல் போய்க் கேளுங்கள். எனக்குக் கையுறை அங்கேயே தந்தார்கள். சட்டை மட்டும் பழையதாக இருக்கட்டும். அந்த எண்ணெய்க் கறை எத்தனை தரம் அடித்துத் துவைத்தாலும் போகாது.