இருபத்து மூன்று வேலைகளில் எதைக் கையில் எடுப்பது?

கேள்வி: கலிபோர்னியாவில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஒரே அடையாளத்தை வைத்து எந்த இணையதளத்திலும் லாகின் செய்ய உதவும் திறந்த தரநிலை (யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் பொது விதிமுறை) ஒன்றைப் பரப்பும் சிறிய தொண்டு அமைப்பில் ஐந்து வருடமாக இருக்கிறேன். இந்த முறை என்னை நிர்வாகக் குழுவில் சேர்த்து, அடுத்த ஆண்டுக்கான முன்னுரிமைகளை எழுதும் பொறுப்பையும் தந்திருக்கிறார்கள். எல்லோரிடமும் கேட்டதில் 23 வேலைகள் சேர்ந்துவிட்டன. சம்பளத்துக்கு இருப்பவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஆபீஸ் முடிந்து வந்து உழைப்பவர்கள். நன்கொடை தரும் நிறுவனம் பெரிய கம்பெனிகளை உறுப்பினராக்கச் சொல்கிறது. அமைப்பைத் தொடங்கிய பெரியவர், மூன்று வருடமாகத் தனியாளாகச் செய்துவரும் பிரவுசர் நீட்சியை முதலிடத்தில் வைக்கச் சொல்கிறார். யார் மனமும் நோகாமல் எப்படி வரிசைப்படுத்துவது?
– வாசகி, சான் ஹோசே

பதில்: அன்புள்ள சகோதரி,

வரிசைப்படுத்தவே வேண்டாம். எண் போட்டுவிட்டால் இருபத்து மூன்றாவது வேலையும் பட்டியலில் உயிரோடு இருக்கும்; அதைச் சொன்னவர் வருடம் முழுக்கக் காத்திருப்பார். ஒன்றை எடுங்கள், மிஞ்சினால் இரண்டு. மற்றவை அடுத்த ஆண்டு இல்லை என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். அந்த ஒன்று எது என்பதற்கு, ஒரே அடையாளத்தோடு பல தளங்களில் நுழைய வந்த தரநிலையான, உங்கள் துறையின் மூத்த அண்ணன் ஓப்பன்ஐடி பட்ட பாட்டைத் திரும்பிப் பார்த்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2005இல் அதைத் தொடங்கியபோது தேவை மிகச் சிறியது. இன்னொருவர் வலைப்பதிவில் ஒரு கருத்து எழுத, அங்கே போய் புதுக் கணக்கு திறக்க வேண்டியிருக்கக் கூடாது. அவ்வளவுதான். 2007இல் அதைக் கவனிக்க ஓப்பன்ஐடி அறக்கட்டளை பிறந்தது. 2008 பிப்ரவரியில் கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், வெரிசைன், யாகூ ஐந்தும் ஒரே நேரத்தில் அதன் நிர்வாகக் குழுவில் சேர்ந்தன. உங்கள் நன்கொடையாளர் கனவு காண்பது இப்படி ஒரு நாளைத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவருக்குச் சொல்லுங்கள். அப்போது பெரிய தளங்கள் பலவும் அடையாளம் கொடுக்க முன்வந்தன. அடுத்தவர் கொடுத்த அடையாளத்தை ஏற்கத்தான் தயங்கின. யாகூ கணக்கை வைத்து வெளித்தளத்தில் நுழையலாம், வெளியே வாங்கிய அடையாளத்தோடு யாகூவுக்குள் போக முடியாது. பரிமாறுவதற்கு வரிசையாக ஆள் நிற்க, பந்தியில் உட்கார ஆளில்லாத கல்யாணம் அது.

உட்கார வந்த சிலரும் திணறினார்கள். லாகின் பெட்டியில் பெயருக்குப் பதிலாக ஓர் இணைய முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த நாட்களில் ஒரு நண்பருக்கு இதை விளக்க உட்கார்ந்தேன். "பேர் கேக்குற இடத்துல எதுக்குங்க வெப்சைட் அட்ரஸ்?" என்றார். என்னிடம் நல்ல பதில் இல்லை. முகவரிக்குப் பதிலாக பட்டன்கள் வைத்தபோது, ஒரே பக்கத்தில் பத்து நிறுவனங்களின் சின்னங்கள் வந்து குவிந்தன. உடம்பெல்லாம் விளம்பர ஸ்டிக்கர் ஒட்டிய அமெரிக்கப் பந்தயக் கார்களை நினைத்து அதற்கு நாஸ்கார் பிரச்சினை என்றே பெயர் வைத்தார்கள். போன தடவை எந்தப் பட்டனை அழுத்தினோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்? 2011இல் 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் ஓப்பன்ஐடியைக் கைவிட்டது. 2008இல் ஓப்பன்ஐடியையே வாசலாக வைத்துத் திறந்த, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் 2018இல் கைவிட்டது.

நிர்வாகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அந்தத் தளங்களை நடத்தியவர்கள் பார்க்கவில்லை. லாகின் ஆகாமல் உதவி கேட்டு வரும் மின்னஞ்சல்களைப் பார்த்தார்கள்.

அறக்கட்டளை இதிலிருந்து மீண்டது பழையதை ஒட்டுப் போட்டு அல்ல. கடவுச்சொல்லைப் பகிராமல் ஒரு தளத்துக்கு அனுமதி தர உதவும் ஓஆத் 2.0 என்ற தரநிலையின் மேல் புதிதாகக் கட்டிய ஓப்பன்ஐடி கனெக்ட் 2014 பிப்ரவரியில் வெளிவந்தது. 2015 ஏப்ரலில் கூகுள் பழைய ஓப்பன்ஐடி 2.0 சேவையை நிறுத்தியது. அதே மாதம் அறக்கட்டளை தன் சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. என் கணிப்பில் அவர்கள் செய்த மிகச் சிறந்த வேலை இதுதான். தரநிலை ஆவணத்தைப் படித்து ஒழுங்காக எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகாமல், உங்கள் நிரல் சரியா என்று நீங்களே ஓட்டிப் பார்க்க இதோ சோதனைத் தொகுப்பு என்று கையில் கொடுத்தார்கள்.

அதன் பலன் 2019இல் தெரிந்தது. ஆப்பிள் தன் லாகின் வசதியை அறிவித்தபோது, அது ஓப்பன்ஐடி கனெக்டை ஒட்டியிருந்தும் சில இடங்களில் விலகியிருந்தது. அறக்கட்டளை ஜூன் மாதம் பகிரங்கக் கடிதம் எழுதியது. பொதுவாகக் குறைப்பட்டுக்கொள்ளாமல், வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, எங்கள் சோதனைத் தொகுப்பை ஓட்டிப் பாருங்கள் என்று கேட்டது. சில மாதங்களில் ஆப்பிள் பெரும்பாலானவற்றைத் திருத்தியது. அப்போது உறுப்பினராக இல்லாத அவ்வளவு பெரிய கம்பெனியை ஒரு சிறிய அமைப்பு அசைக்க முடிந்திருக்கிறது.

ஆகவே உங்கள் ஆண்டின் வேலை, அடையாளத்தை ஏற்கும் தளங்கள்தான். பத்துத் தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பொது நூலகம், ஒரு சமுதாயக் கல்லூரி, ஓர் உள்ளூர்ச் செய்தித்தளம், இந்த அளவில். அவற்றின் டெவலப்பர்கள் பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் உட்காரட்டும். எங்கே தடுக்கிறது, எந்தப் பிழைச்செய்தி புரியவில்லை, பயனர் எந்தத் திரையில் விட்டுவிட்டுப் போகிறார் என்று எழுதி வாருங்கள். அந்தக் குறிப்புகளே உங்கள் சோதனைத் தொகுப்பின் முதல் வடிவம். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதை இந்த விவாதத்துக்குள் கொண்டுவராதீர்கள். அது எந்த வருடமும் நிற்காமல் நடக்க வேண்டியது, அதற்கு நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

பத்தா ஐந்தா என்பதை நேரம் தீர்மானிக்கட்டும். அடுத்த வருடம் எத்தனை மணி நேரம் தருவீர்கள் என்று தன்னார்வலர்களைக் கேட்டால் ஆசையில் கூட்டிச் சொல்வார்கள். போன வருடம் உண்மையில் எவ்வளவு நேரம் தந்தார்கள் என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூடத் திட்டத்தில் இருக்க வேண்டாம். அகலக்கால் வைத்த அமைப்புகளில் முதலில் ஓய்ந்துபோவது சம்பளம் இல்லாமல் உழைக்கும் நல்லவர்கள்தான்.

நன்கொடையாளரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கணக்குக் கொடுங்கள்: எத்தனை தளங்கள் ஏற்றுக்கொண்டன, எத்தனை பேர் இரண்டாம் முறை வந்து அதே வழியில் நுழைந்தார்கள். புது உறுப்பினர் பெயர் எதுவும் அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர் ஒத்துக்கொள்ளாமல் பணத்தைக் குறைத்தால் பத்தை ஐந்தாக்குங்கள், வேலையை மாற்றாதீர்கள்.

பெரியவர் விஷயம்தான் உங்களை உறுத்துகிறது, கடிதத்திலேயே தெரிகிறது. அந்த நீட்சி இந்த ஆண்டு வேண்டாம் என்றே நானும் சொல்வேன். பயனர் தனியாக ஒன்றை நிறுவினால்தான் லாகின் சுலபமாகும் என்றால், ஏற்கும் தளத்தின் சிக்கல் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இதை அவர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் முதன்முதலாகக் கேட்கக் கூடாது. இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். 23 வேலைகளும் எழுதிய தாளை அவர் கையில் கொடுத்து, எதையெல்லாம் அடிக்கப் போகிறீர்கள், ஏன் என்று சொல்லிவிட்டு அவர் பேசி முடிக்கும் வரை கேளுங்கள். மூன்று வருடமாகப் பிரவுசர்களின் உள்ளே கிடந்தவர் அவர். லாகின் எங்கெங்கே உடையும் என்று உங்கள் குழுவில் அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். அந்தப் பத்தில் முதல் தளத்தின் டெவலப்பர் பக்கத்தில் வந்து உட்கார முடியுமா என்று அவரையே கேளுங்கள்.