கேள்வி பதில்: மூன்று இயங்குதளம், ஒரே டேக்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. ஒரே மென்பொருளை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பில்ட் செய்து (நிரலை ஓடக்கூடிய கோப்பாக்கி) வெளியிடும் வேலையை எப்படித் தானாக நடக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் கொண்ட குழு. ரிலீஸ் வேலை முழுவதும் ஒருவர் கையில்தான். மூன்று மெஷின்களும் அவரிடம் இருக்கின்றன, ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. போன மாதம் அவர் விடுப்பில் இருந்ததால் அவசரமாகப் போக வேண்டிய ஒரு திருத்தம் பத்து நாள் நின்றுவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸா, கிட்லேபா, ஜென்கின்ஸா, அதாவது எந்தத் தானியங்கிக் கருவி என்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அது கடைசியில் முடிவு செய்ய வேண்டியது. அடுத்த ரிலீஸ் அன்று அந்த நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தட்டுகிற ஒவ்வொரு கட்டளையையும் எழுதிக்கொள்ளுங்கள். "இதை மட்டும் நான் கையால் மாத்திடுவேன்" என்று போகிற போக்கில் சொல்லுவார் பாருங்கள், அந்த இடங்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் உங்களை நிறுத்தி வைத்தது அவைதான்.

எழுதியதை ஒரு ஸ்கிரிப்டாக்கி ரெப்போவுக்குள்ளேயே, அதாவது நிரல் இருக்கிற கிட் களஞ்சியத்துக்குள்ளேயே, வையுங்கள். அப்புறம் வேறு ஒருவருடைய மெஷினில், புது ஃபோல்டரில், ரெப்போவைப் புதிதாக க்ளோன் செய்து (நகலெடுத்து) அந்த ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். முதல் தடவை உடையும். எங்கே உடைகிறதோ அங்கே நண்பருடைய மெஷினில் மட்டும் இருக்கிற ஏதோ ஒன்று, எப்போதோ நிறுவிய ஒரு கருவியோ ஒரு என்விரான்மென்ட் வேரியபிளோ, ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கே இது நடந்திருக்கிறது. என் லேப்டாப்பில் கமிட் செய்யாமல் (ரெப்போவில் பதியாமல்) கிடந்த ஒரு கான்ஃபிக் கோப்பு ரிலீஸுக்குள் போய்விட்டது. பயனர்கள் பிழை என்று எழுதுகிறார்கள், நான் அதே டேகிலிருந்து, அதாவது அந்தப் பதிப்புக்கு என்று ரெப்போவில் பெயர் போட்டுக் குறித்துவைத்த நிரலிலிருந்து, எத்தனை முறை பில்ட் செய்து பார்த்தாலும் அந்தப் பிழை வரவில்லை. அவர்களிடம் போன பைனரிக்கும் (பில்டில் வந்த கோப்புக்கும்) டேகில் இருந்த நிரலுக்கும் சம்பந்தமே இல்லை என்று புரிய இரண்டு நாள் ஆனது. அன்றைக்குப் பிறகு என் மெஷினில் செய்த பில்டை நான் யாருக்கும் அனுப்பியதில்லை.

ஸ்கிரிப்ட் சுத்தமான க்ளோனில் ஓடிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பைப்லைன் கோப்பில், அதாவது தானியங்கிக் கருவி எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதும் யாமல் கோப்பில், அந்த ஸ்கிரிப்டைக் கூப்பிடுகிற வரிகள் மட்டும் இருக்கட்டும். எல்லா வேலையையும் அந்த யாமல் கோப்புக்குள்ளேயே எழுதிவிட்டால், ஒரு சின்ன மாற்றத்தைச் சோதிக்கக்கூட கமிட், புஷ், காத்திருப்பு, சிவப்பு, மறுபடி கமிட் என்று ஒரு மதியம் போய்விடும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்றால் மேட்ரிக்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, மூன்று இயங்குதளங்களையும் அதில் எழுதினால் ஒரே நேரத்தில் மூன்று ரன்னர்களில், அதாவது பைப்லைன் வேலையைச் செய்யும் மெஷின்களில், ஓடும். ஒன்று தோற்றால் மற்றவற்றையும் ரத்து செய்வதுதான் அதன் இயல்பான நடத்தை. ஆரம்ப நாட்களில் ஃபெயில்-ஃபாஸ்ட் என்ற அந்த அமைப்பை அணைத்து வையுங்கள், விண்டோஸில் மட்டும் உடைகிறதா எல்லாவற்றிலும் உடைகிறதா என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இயங்குதள வேறுபாடுகளில் முதலில் உங்களைப் பிடிக்கப் போவது அநேகமாகக் கோப்புப் பெயர். விண்டோஸும் மேக்கும் இயல்பாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். நிரலில் சின்ன ‘சி’ போட்டு எழுதி, கோப்பின் பெயர் பெரிய ‘சி’யில் இருந்தால், மேக்கில் மாதக்கணக்காக ஓடிய நிரல் லினக்ஸ் ரன்னரில் முதல் நிமிடத்திலேயே ‘கோப்பு இல்லை’ என்று நிற்கும். அடுத்தது வரி முடிவு. விண்டோஸில் செக்கவுட் ஆகும்போது கிட் உங்கள் ஷெல் ஸ்கிரிப்டின் வரி முடிவுகளை மாற்றிவிடக்கூடும், அந்தக் கோப்பு அப்படியே லினக்ஸ் பேக்கேஜுக்குள் போனால் ஓடாது. கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு வரி முடிவு எப்போதும் எல்எஃப் (லினக்ஸ் பாணி) என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, இதில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பில்டான பைனரியை ஆர்டிஃபாக்டாக (பைப்லைன் சேமித்துவைக்கும் கோப்பாக) ஏற்றி, அடுத்த ஜாபில் (பைப்லைனின் அடுத்த கட்டத்தில்) இறக்கி, ரிலீஸில் சேர்ப்பீர்கள். கிட்ஹப் ஆர்டிஃபாக்டை ஜிப்பாக ஏற்றும்போது கோப்பின் அனுமதிகள் போய்விடுகின்றன, இறக்கும்போது எல்லாக் கோப்பும் 644 ஆகத்தான், அதாவது ஓட்டும் அனுமதி இல்லாமல்தான், வரும். பயனர் இறக்கி ஓட்டிப் பார்த்தால் ‘பர்மிஷன் டினைட்’. ஏற்றுவதற்கு முன்பே டார் செய்துவிடுங்கள் (ஒரே தொகுப்புக் கோப்பாக்கிவிடுங்கள்), அனுமதிகள் அதற்குள் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: பைத்தானில் எழுதிய ஒரு சின்னக் கருவி. பைஇன்ஸ்டாலர் வைத்து லினக்ஸிலிருந்தே விண்டோஸ் எக்ஸி செய்ய முடியுமா?

முடியாது. பைஇன்ஸ்டாலர் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறதோ அதற்கான பைனரியைத்தான் தரும். விண்டோஸ் ரன்னரில் ஒன்று, மேக்கில் ஒன்று, லினக்ஸில் ஒன்று என்று தனித்தனியாகத்தான் ஓட்ட வேண்டும். கோ மொழியில் எழுதியிருந்தால் கதை வேறு. ஜிஓஓஎஸ், ஜிஓஆர்ச் என்ற இரண்டு வேரியபிள்களை மாற்றினால் ஒரே லினக்ஸ் மெஷினிலிருந்து மூன்றுக்கும் பில்ட் வரும். 2015இல் வந்த கோ 1.5 முதல் இது ரொம்பச் சுலபம். ஆனால் இடையில் சி நூலகம் எதையாவது இழுத்தால், அதாவது சிகோ உள்ளே வந்துவிட்டால், அந்தச் சுலபம் போய்விடும். கோ என்றாலும்கூட ஒரு தடவையாவது பைனரியை அந்தந்த இயங்குதளத்தில் ஓட்டிப் பார்க்கிற ஒரு ஜாப் வையுங்கள், ‘வெர்ஷன் என்ன’ என்று கேட்டு பதில் வருகிறதா என்று பார்த்தால்கூடப் போதும்.

கேள்வி: எங்கள் லினக்ஸ் பில்ட் பைப்லைனில் பச்சை, என் மெஷினிலும் ஓடுகிறது. ஒரு பயனர் மட்டும் ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று வருவதாக எழுதுகிறார். அவர் மெஷினில்தான் கோளாறா?

அவர் மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. லினக்ஸில் பெரும்பாலான பைனரிகள் ஜிலிப்சி என்ற அடிப்படை சி நூலகத்தை நம்பி ஓடுகின்றன. பழைய ஜிலிப்சியில் பில்ட் செய்தது புதியதில் ஓடும், புதியதில் செய்தது பழையதில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, உபுண்டு 20.04இலும் டெபியன் 11இலும் இருப்பது 2.31. உங்கள் ரன்னர் 22.04 அல்லது அதற்கும் புதியது, பயனரிடம் இருப்பது பழையது, விஷயம் அவ்வளவுதான்.

உங்கள் பைப்லைன் கோப்பைத் திறந்து பாருங்கள், ரன்னர் பெயர் ‘உபுண்டு-லேட்டஸ்ட்’ என்று இருக்கும். அந்த ‘லேட்டஸ்ட்’ எதைக் குறிக்கிறது என்பது காலப்போக்கில் மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஒரு வரிகூடத் தொடாமலே ஒரு நாள் உங்கள் பில்டின் அடித்தளம் மாறியிருக்கும். பதிப்பு எண்ணை எழுதி நிலைப்படுத்துங்கள். அதோடு, நீங்கள் ஆதரிக்க நினைக்கிற மிகப் பழைய டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) கன்டெய்னருக்குள், அதாவது அதன் சூழல் மட்டும் இருக்கிற தனிப் பெட்டிக்குள், பில்ட் செய்யுங்கள். பைத்தான் உலகத்தில் மெனிலினக்ஸ் என்பது இதே யோசனைதான். மெனிலினக்ஸ்2014 என்பது சென்ட்ஓஎஸ் 7ஐ, அதாவது ஜிலிப்சி 2.17ஐ, அடித்தளமாக வைத்துக்கொண்டது, அதனால்தான் அந்தப் பேக்கேஜுகள் அவ்வளவு பழைய மெஷின்களிலும் நிறுவ முடிந்தது. ஜிலிப்சிக்குப் பதிலாக மசில் என்ற சி நூலகத்தைப் பைனரிக்குள்ளேயே சேர்த்துவிடுவது, அதாவது ஸ்டாட்டிக்காக லிங்க் செய்வது, இன்னொரு வழி. சின்னக் கட்டளைக் கருவிக்கு நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: பில்ட் எல்லாம் தானாக நடக்கிறது, ஆனால் மேக்கில் ‘கோப்பு சேதமடைந்துள்ளது’ என்கிறது, விண்டோஸில் நீல எச்சரிக்கை வருகிறது. சைன் செய்வதையும் (டிஜிட்டல் கையொப்பம் இடுவதையும்) பைப்லைனில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும். சைன் செய்வதை மட்டும் கைவேலையாக விட்டால், அதைச் செய்பவர் அடுத்த விடுப்பில் போகும்போது மறுபடி அதே கதைதான்.

மேக்குக்கு சைன் மட்டும் போதாது. மேக்ஓஎஸ் கேட்டலினா காலத்திலிருந்து, ஆப் ஸ்டோருக்கு வெளியே கொடுக்கிற மென்பொருளையும் ஆப்பிளிடம் அனுப்பி நோட்டரைஸ் செய்ய (சோதித்து ஒப்புதல் வாங்க) வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டும் டெவலப்பர் கணக்கு வேண்டும். நோட்டரிடூல் என்ற கட்டளை இதைப் பைப்லைனிலிருந்தே செய்யும், பதில் வரும்வரை காத்திருக்கவும் செய்யும். விண்டோஸில் முன்பெல்லாம் சான்றிதழ் கோப்பைச் சீக்ரெட்டாக (பைப்லைனில் மறைத்து வைக்கும் தகவலாக) ஏற்றி வைத்தால் போதும். 2023 ஜூன் முதல் புதிதாக வாங்கும் கோட்-சைனிங் சான்றிதழ்களின் ரகசியச் சாவி வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. மேசையில் செருகிய யுஎஸ்பி டோக்கனை மேகத்தில் ஓடும் ரன்னர் எட்ட முடியாது, ஆகவே கிளவுடில் சாவியை வைத்து சைன் செய்து தரும் சேவை ஒன்று தேவைப்படும். செலவையும் காகித வேலையையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள், சரிபார்ப்புக்கே நாட்கள் ஆகும். சைன் செய்யும்போது டைம்ஸ்டாம்ப் (நேர முத்திரை) போட மறக்காதீர்கள், சான்றிதழ் காலாவதியான பிறகும் பழைய ரிலீஸ்கள் செல்லுபடியாக அதுதான் காப்பாற்றும்.

கேள்வி: "மனிதக் கண் பார்த்து அனுப்புவதுதான் பாதுகாப்பு, மெஷினை நம்பாதே" என்கிறார் எங்கள் மேலாளர். என்ன பதில் சொல்வது?

அவர் பயம் நியாயமானது. வெளியிடலாமா வேண்டாமா என்ற முடிவை மனிதரே எடுக்கட்டும், பைப்லைனில் ஒப்புதல் கிடைக்கும்வரை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. டேகுக்கும் பயனர் கைக்குப் போகும் கோப்புக்கும் நடுவில் மனிதக் கை வரக்கூடாது என்பதுதான் நான் சொல்வது.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புது நிரல் போனது, ஒன்று கைதவறி விட்டுப்போனது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் இன்னும் பொருத்தம். அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் இருந்தது. அதைக் கிளப்பிவிடும் வரி கிட் ரெப்போவில் இல்லை, ரிலீஸுக்காக ஒருவர் தயாரித்து ஏற்றிய டார் கோப்பில் மட்டும் இருந்தது. எஸ்எஸ்ஹெச் லாகின் (தொலைவிலிருந்து இன்னொரு மெஷினுக்குள் நுழைவது) அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். ரெப்போவை எத்தனை கண்கள் படித்திருந்தாலும் அந்த வரி அகப்பட்டிருக்காது.

அதற்காக பைப்லைனைக் கண்மூடி நம்பச் சொல்லவில்லை. 2025 மார்ச்சில், ஏராளமான ரெப்போக்கள் தங்கள் பைப்லைனில் சேர்த்துப் பயன்படுத்திய, வேறொருவர் எழுதிய ஒரு கிட்ஹப் ஆக்‌ஷனின் டேகுகளையே தீய நிரலுக்கு மாற்றிவைத்து, சீக்ரெட்டுகளை லாகில் அச்சிட வைத்தார்கள். மற்றவர்களின் ஆக்‌ஷன்களை டேக் பெயரால் அழைக்காமல் முழு கமிட் ஹேஷால் (அந்த நிரலை மட்டுமே குறிக்கும் அடையாள எண்ணால்) அழையுங்கள். சைனிங் சாவி ரிலீஸ் ஜாபுக்கு மட்டும் தெரியட்டும், டெஸ்ட் ஓட்டும் ஜாபுக்கு அது எதற்கு?

கேள்வி: 1.4.0 வெளியிட்டு பத்து நிமிடத்தில் பிழை தெரிந்தது. டேகை அழித்து அதே எண்ணில் மறுபடி போட்டால் யாருக்கும் தெரியாதே?

தெரியும். அந்தப் பத்து நிமிடத்தில் யாரோ இறக்கியிருப்பார்கள், அப்புறம் 1.4.0 என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பைனரிகள் உலவும், பிழை அறிக்கை வந்தால் எது என்று உங்களால் சொல்ல முடியாது. பைத்தான் பேக்கேஜுகளை வெளியிடும் தளமான பைபிஐ ஒரே கோப்புப் பெயரை இரண்டாம் முறை ஏற்கவே ஏற்காது. கோ மொழியின் செக்சம் தரவுத்தளத்தில் பழைய டேகின் ஹேஷ் பதிவாகியிருந்தால், புதிதாக இறக்குபவர்களுக்கு ‘பொருந்தவில்லை’ என்று பிழை வரும். 1.4.1 போடுங்கள். உங்கள் பைப்லைன் சரியாக இருந்தால் அதற்கு ஒரு டேகும் சில நிமிடக் காத்திருப்பும்தான் செலவு. 1.4.0இன் குறிப்பில் ‘இதைப் பயன்படுத்த வேண்டாம், 1.4.1க்கு மாறுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.