சலரோகத்தைக் காட்டிக் காப்புறுதி மறுத்தால்

தம்பி, சலரோகம் இருப்பதால் அம்மாவின் மருத்துவக் காப்புறுதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்று கிளிநொச்சியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வாசித்ததும் மனம் கனத்தது. 2009 போரில் என் தோளில் பாய்ந்த செல் (எறிகணை) துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதைக் காட்டி எனக்கும் கைவிரித்தார்கள்.

முதலில், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சலரோகத்தை மட்டும் விலக்கி மற்ற நோய்களுக்குத் தருவார்களா என்றும் கேளுங்கள். தோளை விலக்கி, இன்னொரு நிறுவனத்தில் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

முகவர் நோயை மறைக்கச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். தவணைப் பணம் வாங்கும்போது சிரித்த முகமாக இருப்பார்கள். இழப்பீடு கேட்கும் நாளில் கிளினிக் கொப்பியைப் புரட்டி, ஒப்பந்தமே செல்லாது என்பார்கள். உண்மையைச் சொல்லியும் பணம் மறுத்தால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம்.

அதுவரை அரச வைத்தியசாலையின் இலவசக் கிளினிக்கில் அம்மா ஒரு திகதியையும் தவறவிடக்கூடாது.