சீனப்பள்ளியில் இடம் வாங்கித் தர 800 வெள்ளியா?

கேள்வி: மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாடகைக்கு இருக்கிறோம். கணவர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். எனக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகளை முதலாம் ஆண்டுக்குப் பதிய வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மொத்தமே 28 பிள்ளைகள். இரண்டு வகுப்பைச் சேர்த்து ஒரே ஆசிரியர் நடத்துகிறாராம். சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்றும் பேச்சு. வீட்டுக்கு எதிரே மலாய்வழி தேசிய பள்ளி இருக்கிறது, அங்கேயும் தமிழ் உண்டு என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா டவுனில் உள்ள சீனப்பள்ளிதான் நல்லது என்கிறார். அங்கே இடம் வாங்கித் தர ஒருவர் 800 வெள்ளி கேட்கிறார், வேறொரு வீட்டு மின்சார பில்லையும் அவரே கொடுப்பாராம். எங்கே சேர்ப்பது ஐயா?

பதில்: அம்மா, பள்ளியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த 800 வெள்ளி. கொடுக்காதீர்கள்.

தேசிய பள்ளி, தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மூன்றிலும் முதலாம் ஆண்டில் சேரக் கட்டணம் கிடையாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்கொடை கேட்பார்கள். அதைக் கட்டவில்லை என்று பிள்ளைக்கு இடம் மறுக்க முடியாது. பதிவைக் கல்வியமைச்சின் ஐடிமீ தளத்தில் பெற்றோரே செய்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று பார்ப்பது மாவட்டக் கல்வி இலாகா, உங்களுக்கு அது கோலகங்சாரில் இருக்கிறது. இதில் அந்த மனிதருக்கு வேலையே இல்லை. அவர் உங்கள் பெயரில் பதிந்துவிட்டுச் சும்மா காத்திருப்பார். இடம் கிடைத்தால் தான் வாங்கித் தந்ததாகச் சொல்வார். கிடைக்காவிட்டால் மேலே ஆள் மாறிவிட்டார் என்பார். நாடு முழுக்கச் சீனப்பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது. சிறிய டவுன்களில் நேராகப் போய்க் கேட்டாலே இடம் கிடைக்கிற பள்ளிகள் இருக்கின்றன. உள்ளே யாருக்கோ பணம் போகிறது என்று அவர் சொன்னால் இன்னும் மோசம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி லஞ்சம் வாங்குகிறவரோடு கொடுக்கிறவரும் குற்றவாளி.

அந்த மின்சார பில் விஷயத்திலும் கவனம். வேறு வீட்டு முகவரியைக் கொடுத்தால் உங்கள் மைகார்டு (அடையாள அட்டை) எண்ணில் பொய்த் தகவல் பதிவாகிறது. கேள்வி வரும்போது அந்த மனிதர் பக்கத்தில் நிற்க மாட்டார். இன்னொன்றையும் நான் தலைமையாசிரியராக இருந்தபோது அடிக்கடி பார்த்திருக்கிறேன். பதிவைப் பணம் கொடுத்துச் செய்து வாங்கிய பெற்றோர்கள், கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறது, கடவுச்சொல் என்ன என்பதே தெரியாமல் பள்ளி அலுவலகத்தில் வந்து நிற்பார்கள். முடிவு வந்துவிட்டதா என்று பார்க்கக்கூட மறுபடி அதே ஆளிடம்தான் போக வேண்டும். அதற்கும் அவர் காசு கேட்பார்.

தரகர்களுக்கு இந்தப் பிழைப்பைக் கொடுத்ததே நம் நிர்வாகம்தான். ஷிப்ட் வேலைக்குப் போகும் ஒரு தாய், கையில் இருக்கும் சின்னக் கைப்பேசியில், மலாயில் உள்ள பாரத்தை நிரப்பி, பத்திரங்களை ஏற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நடுவில் சிக்கிக்கொண்டால் இலாகாவுக்குப் போ என்கிறார்கள். இலாகா திறந்திருக்கும் நேரத்தில் அவர் தொழிற்சாலையில் இருப்பார். பதிவுக் காலத்தில் ஒவ்வொரு பள்ளியும் இரண்டு சனிக்கிழமை கணினி அறையைத் திறந்து வைத்து உட்கார்ந்து உதவினால் போதும். இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவிட்டேன். குறித்துக்கொள்வார்கள், அதோடு சரி.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. நாட்டில் உள்ள 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் அந்த வகைதான். எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே போகும்போது இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்துகிறார்கள். கெலாஸ் சந்தும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆசிரியர் வெண்பலகையின் நடுவே ஒரு கோடு இழுப்பார். இடப்பக்கம் முதலாம் ஆண்டுக் கணக்கு, வலப்பக்கம் இரண்டாம் ஆண்டுக் கணக்கு. ஒரு பக்கத்துக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மறுபக்கத்துப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பார்கள். நல்ல ஆசிரியர் கையில் இது கெடுதல் செய்வதில்லை. எட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரும் தினமும் எழுந்து நின்று வாசித்தாக வேண்டும், ஒளிந்துகொள்ள இடமில்லை. முப்பத்தைந்து பேர் வகுப்பில் வாய் திறக்காமலே ஓர் ஆண்டை ஓட்டிவிடும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்த ஆசிரியருக்கே அக்கறை இல்லையென்றால், சின்னப் பள்ளியில் மாற்றிவிட இன்னொரு வகுப்பு இல்லை. அதனால் பள்ளியின் அளவை விடுங்கள், ஆசிரியரைப் பாருங்கள்.

மூடிவிடுவார்கள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் இருக்கும்வரை பள்ளி நடக்கும். தோட்டப் பள்ளிக்கு அதிகம் நடப்பது இடமாற்றம். தோட்ட நிலம் கைமாறும், பள்ளியின் உரிமம் வேறொரு தாமானுக்குப் போகும். ஆகவே பள்ளி நிற்கும் நிலம் யாருடையது, வேறு இடத்துக்குப் பேச்சு இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடமோ பள்ளி வாரியத்திலோ கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆசிரியரை எப்படி எடை போடுவது? தேர்ச்சிப் பட்டியலை நம்பாதீர்கள். ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். கடைசியாக 2019இல் நடந்தது, 2021இல் ரத்தானது. வேலியில் இன்னும் தொங்கும் பழைய பேனர் உங்கள் மகளுக்கு எதையும் சொல்லாது. அந்தப் பள்ளியில் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளை உங்கள் வரிசை வீடுகளிலேயே இருக்கும். அதன் மலாய்ப் பயிற்சிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். தேதி தொடர்ந்து வருகிறதா, இல்லை இடையில் மூன்று வாரம் காணோமா? தப்பான எழுத்துக்கு மேலே சிவப்பு மையில் சரியான சொல் எழுதியிருக்கிறதா? பிள்ளை அதைக் கீழே திருத்தி எழுதியிருக்கிறதா? பக்கத்துக்குப் பக்கம் வெறும் சரி அடையாளமும் ஒரு நட்சத்திர முத்திரையும் மட்டுமே இருந்தால் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று பொருள். நான் மலாய்ப் புத்தகத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் மலாயில் பலவீனமாகப் போகிற பிள்ளை இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முன்னால் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார வேண்டி வரலாம். தேசிய பள்ளிப் பிள்ளைக்கு அது இல்லை.

தேசிய பள்ளியிலும் தமிழ் உண்டு என்ற பேச்சைப் பாதிதான் நம்பலாம். 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டம், ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. இதைத்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 15 என்பது முதலாம் ஆண்டில் மட்டும் 15 அல்ல, முழுப் பள்ளியிலும் சேர்த்து. தமிழ்ப் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலும் யாரும் கேட்காவிட்டால் வகுப்பு வராது. கேட்பது என்றால் வாசலில் நின்று வாய்மொழியாகக் கேட்பதில்லை, பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையெழுத்தோடு கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் கொடுத்தாலும் ஆசிரியர் வந்தாக வேண்டும். வந்தவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வரும்வரை வகுப்பு இல்லை. அந்த அடுத்தவருக்காக இரண்டு ஆண்டு காத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். சட்டத்தில் இருக்கும் உரிமை கால அட்டவணையில் இல்லையென்றால் யாருக்கு லாபம்? ஆகவே எதிரே உள்ள பள்ளிக்குப் போய் இதை மட்டும் கேளுங்கள்: இப்போது தமிழ் ஆசிரியர் இருக்கிறாரா, வகுப்பு எந்தக் கிழமை, எந்த நேரம்? கிழமையும் நேரமும் சொன்னால் வகுப்பு இருக்கிறது. “இருக்குமா, இருக்கும்” என்று இழுத்தால் இல்லை. வகுப்பு இருந்தாலும் அது ஒரு பாடம்தான். தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் தமிழில் படிப்பதற்கு அது ஈடாகாது.

சீனப்பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன், உழைக்க வைக்கிற பள்ளிகள். ஆனால் மலாய், ஆங்கிலம் தவிர மற்றதெல்லாம் சீனமொழியில். நீங்கள் இரவு ஷிப்ட், கணவர் அசந்து வந்து படுப்பார், சீன எழுத்தில் இருக்கும் வீட்டுப்பாடத்தை யார் பார்ப்பது? மாதா மாதம் டியூஷன் காசு, டவுனுக்குப் போய்வர வேன் காசு. வேன் முதலில் ஏற்றும் பிள்ளை வகுப்புக்குப் போகும் முன்பே தூங்கி வழியும். பாலர் பள்ளியிலேயே சீனமொழி படித்திருந்தால் வேறு கதை. நீங்கள் அப்படி எழுதவில்லை.

என் யோசனை இது. தோட்டப் பள்ளியின் மலாய்ப் புத்தகம் நன்றாக இருந்தால் அங்கேயே சேருங்கள். கணவர் வேலைக்குப் போகும் வழியில் விட்டுவிடுவார், வீட்டில் நீங்கள் படித்துக் காட்ட முடியும். புத்தகம் சரியில்லை என்றால் எதிரே உள்ள தேசிய பள்ளியைப் பாருங்கள், தமிழ் வகுப்பின் கிழமை தெரிந்த பிறகு. டவுனில் மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளி இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அதையும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஐடிமீயில் உங்கள் சொந்த எண், சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் திறங்கள். தெரியாவிட்டால் தமிழ்ப்பள்ளி எழுத்தரிடம் போங்கள், பெரும்பாலும் உதவுவார்கள். மகளின் பிறப்புப் பத்திரம், உங்கள் இருவரின் மைகார்டு, முகவரிக்கான பில் மூன்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். வாடகை வீட்டில் பில் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் வாடகை ஒப்பந்த நகலையும் சேர்த்துக் கொண்டு போங்கள். கேட்ட பள்ளி கிடைக்காவிட்டால் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதலாம், அதற்கும் காசு கிடையாது. இரண்டு பிரதி கொண்டு போய், உங்கள் பிரதியில் தேதியோடு ‘டித்தெரிமா’ (பெறப்பட்டது) முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத கடிதம் கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.