கிரவுன் பினியன் மாற்றிய பின் ஊளைச் சத்தம்: ஹவுசிங்கைக் கழற்றலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் சொந்தமாக மினி லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். தக்காளி, காய்கறி லோடு. பின் ஆக்சிலில் பினியன் (கிரவுன் என்ற பெரிய பல் சக்கரத்தைச் சுற்றும் சிறிய பல் சக்கரம்) பல் தேய்ந்துவிட்டதால் கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறையில் விட்டேன். கிரவுன் பினியன் செட், பேரிங் எல்லாம் புதிது என்று 38,000 ரூபாய்க்கு பில் போட்டார்கள். 34,000 கொடுத்துவிட்டேன். வண்டி 400 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, வேகம் 50ஐத் தாண்டினால் பின்னால் ஊளைச் சத்தம். "புது கியர் அப்படித்தான், ஓட ஓட செட் ஆகிடும்" என்கிறார் பட்டறைக்காரர். வேறொரு மெக்கானிக், "பழைய பேரிங்கையே போட்டிருக்காங்க, கழட்டினா தெரிஞ்சிடும்" என்கிறார். கழற்றிப் பார்க்கலாமா? வழக்குப் போட முடியுமா? பாக்கி 4,000 கொடுக்க வேண்டுமா?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் அந்த இரண்டாவது மெக்கானிக்கை இப்போதைக்கு ஹவுசிங்கில் (அந்தக் கியர்கள் இருக்கும் கூடு) கை வைக்க விடாதீர்கள். உங்கள் வழக்குக்கு முக்கியமான சாட்சி அதற்குள்தான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு வேன் ஓட்டுநர் இதே பிரச்சினையோடு என்னிடம் வந்தார். வருவதற்கு முன்பே வேறு பட்டறையில் கழற்றி, புது செட் போட்டு, பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். "நாங்கள் மாட்டியது எது, அடுத்தவர் மாட்டியது எது?" என்று எதிர்த்தரப்பு கேட்டபோது எங்களிடம் காட்ட எதுவும் இல்லை. நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது, ஆனாலும் தோற்றோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதலில் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். லோடு இல்லாமல், நல்ல சாலையில், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஸ்பீடாமீட்டர் தெரியும்படி போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் சத்தம் மாறினால் பெரும்பாலும் பல்லும் பல்லும் சரியாகப் படியவில்லை என்று பொருள். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங் மேல் சந்தேகம் வரும். ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஒடிக்கும்போது சத்தம் கூடிக் குறைந்தால் சக்கரப் பேரிங்காக இருக்கலாம். அப்படியானால் பட்டறைக்காரர் பொறுப்பில்லை என்றும் ஆகலாம், அதையும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி கிளம்பும்போது மட்டும் 'டொக்' என்று அடித்தால் கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் தண்டின் மூட்டான ஜாயிண்ட் கிராஸையும் பார்க்க வேண்டும். அந்த வீடியோவை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதிநியம் (பழைய இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றும் இணைப்பது நல்லது.

"ஓட ஓட செட் ஆகும்" என்பது பாதி உண்மை. புது செட்டை முதல் சில நூறு கிலோமீட்டர் லோடு குறைவாக, சூடேறவிடாமல் ஓட்ட வேண்டும். ஆனால் ஷிம் (கியரின் இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) தப்பாக வைத்து மாட்டிய கியர் ஓட ஓடத் தேயும், சத்தம் அடங்காது. வண்டியைத் தரும்போது லோடு ஏற்றாதே என்று பட்டறையில் சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் அதையே சேவைக் குறைபாடாகக் காட்டலாம். சொல்லியும் தக்காளி ஏற்றியிருந்தால் அவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இனிமேலாவது லோடு ஏற்றாதீர்கள். ஓடும்போது ஆக்சில் இறுகினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. தவிர, கெட்டது தெரிந்தும் ஓட்டிக் கெடுத்தீர்கள் என்ற பேச்சும் வரும்.

அடுத்து பட்டறைக்கு ஒரு கடிதம். பில் தேதி, சத்தம், கேட்ட பதில் எல்லாவற்றையும் எழுதி, 15 நாளில் சரிசெய்து தரவேண்டும் என்று ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்து, கூடவே வண்டியைப் பரிசோதிக்க வழக்கறிஞர் ஆணையரையும் (ஆணையத்துக்காக நேரில் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர்) ஒரு நிபுணரையும் நியமிக்கக் கேட்டு மனு போடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளரையோ பொறியியல் கல்லூரி ஆட்டோமொபைல் பேராசிரியரையோ கேட்கலாம். நிபுணர் செலவை நீங்கள் கட்ட வேண்டி வரலாம், ஜெயித்தால் செலவுத் தொகையில் சேர்த்துக் கேளுங்கள்.

அதுவரை வண்டியை நிறுத்தி வைத்தால் அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியும். காத்திருக்கவே முடியாதென்றால், நாள், நேரம், இடம் குறித்து "அன்று கழற்றப் போகிறோம், நீங்களும் வந்து பாருங்கள்" என்று பட்டறைக்கு முன்கூட்டியே எழுதுங்கள். வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான். இரண்டு பட்டறைக்கும் தொடர்பில்லாத ஒருவர் கழற்றட்டும், வீடியோ நடுவில் நிற்கக் கூடாது. கியர் ஆயிலை வடிக்கும்போதே சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள், இரும்புத் தூள் மினுங்கினால் அதிலேயே தெரியும். கிரவுனும் பினியனும் ஜோடியாக அரைக்கப்பட்டவை. பெரும்பாலும் இரண்டிலும் ஜோடி எண் பொறித்திருக்கும், அதைக் கிட்டத்தில் படம் எடுங்கள். எண் ஒத்துப்போகாவிட்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. பல்லில் மை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, ஓரத்திலா என்று பார்க்கச் சொல்லுங்கள். டயல் கேஜ் என்ற அளவுக் கருவி வைத்து பிளே (பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள ஆட்டம்) அளந்து எழுதி வாங்குங்கள். பேரிங்கில் உள்ள பெயரையும் எண்ணையும் பில்லோடு ஒப்பிடுங்கள். கழற்றிய ஒரு வாஷரைக்கூட யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

லோடு வண்டி என்பதால் 'வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல' என்று அவர்கள் வாதாடுவார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்திலிருந்து விலக்குகிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995ல் உச்ச நீதிமன்றம், லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான் என்று உதாரணம் காட்டியே சொல்லியிருக்கிறது. அந்த வழக்கின் எதிர்த்தரப்பு கோவை பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம். 'நானே ஓட்டுகிறேன், குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை' என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். புதிய சட்டத்தின் விளக்கத்தில் 'பொருள்' என்றுதான் இருக்கிறது, பழைய சட்டத்தில் இருந்த 'சேவை' என்ற சொல் இல்லை. அதனால் லேபர் கூலியை மட்டும் பேசாமல், பணம் கொடுத்து வாங்கிய கிரவுன் செட், பேரிங் இரண்டையும் குறைபாடுள்ள பொருளாகச் சேர்த்துக் காட்டுங்கள்.

கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் தர்மபுரி மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தால் சில பட்டறைகள் அதிலேயே இறங்கி வருவார்கள். கொடுத்த பணம், வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பு, மன உளைச்சல், செலவு எல்லாம் கேட்கலாம். வருமான இழப்புக்கு மண்டிச் சீட்டு, டீசல் பில் காட்டினால்தான் எடுபடும்.

அப்புறம் அந்த 4,000. வேலையில் குறை இருப்பதால் இப்போதைக்குத் தரமாட்டேன் என்று கடிதத்திலேயே காரணத்தோடு எழுதுங்கள், சும்மா இழுத்தடித்தால் 'பாக்கிக்காரன்' என்று வாதத்தைத் திருப்புவார்கள். 'வண்டியை விட்டுட்டுப் போங்க, பார்க்கிறோம்' என்று கூப்பிட்டால் யோசியுங்கள். செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவில் இருக்கிறது. விடத்தான் வேண்டும் என்றால், 'சத்தம் சரிசெய்ய இலவசமாக ஒப்படைக்கப்பட்டது' என்று தேதி போட்டு எழுதி, அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.